மஃரிபு வேளையில் அடித்த திரை

போன மாதம் மின்சார வேலை பார்க்கும் இளைஞர்கள் சிலர் என்னைப் பார்க்க வந்தார்கள். தேநீர் குடித்து முடிந்ததும் ஒருவர் கேட்டார், "உங்கட சர்வீஸில ஆகக் கஷ்டமான வேல எது?" யுத்த காலத்து ராணுவ முகாம், உயரமான கம்பம், வெள்ளைக்கார ஆபீசர் என்று ஏதாவது வரும் என்று எதிர்பார்த்து இருந்தார்கள். "ஒரு திரைச்சீலை" என்றேன். சிரித்துவிட்டார்கள். சிரிக்கட்டும். இப்போது சுவரில் ஒரு பெட்டி இருக்கிறது, கொஞ்சம் கசிந்தாலும் அதுவே கரண்டை நிறுத்திவிடுகிறது. எங்கள் காலத்தில் அந்தப் பெட்டி மனிதன்தான். கதையை இரண்டாவது தடவை வாயால் சொல்ல எனக்கு மூச்சுப் போதாது என்பதால் எழுதி வைக்கிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்ல வேண்டும். நான் சின்ன வயதிலேயே இந்தத் தொழிலுக்கு வந்தவன் இல்லை. நாற்பது வயது தாண்டும் வரை படகுக்காரன். புத்தளத்திலிருந்து கொழும்புக்குப் போகும் கால்வாயில் உப்பும் கொப்பராவும் ஏற்றிப் போகும் பெரிய தட்டைப் படகு. நடுவில் சரக்கு நனையாமல் ஓலைக் கூரை. முன்னால் ஒருவன் கோல் ஊன்றுவான், பின்னால் ஒருவன் திருப்புவான். கூரை மறைப்பதால் ஒருவன் முகத்தை ஒருவன் பார்க்க ஏலாது. ஆகவே எல்லாம் வாயால்தான். "பாலம் வருது, குனி." "குனிஞ்சிட்டன்." "இடப்பக்கம் சேறு." "தெரியும், திருப்புறன்." சத்தம் வராவிட்டால் கையை அசைக்கக் கூடாது. இருபது வருஷத்துக்கு மேல் இப்படிக் கத்திக் கத்தித்தான் என் தொண்டை இந்த இலட்சணத்தில் இருக்கிறது.

ரயில் வந்தது, பிறகு லொறி வந்தது, கால்வாயில் பாசி வளர்ந்தது. படகின் சொந்தக்காரர் ஒரு நாள் பலகையைக் கழற்றி விற்றுவிட்டார். வீட்டில் மனைவி, பிள்ளைகள். என்ன செய்வது என்று முழி பிதுங்கி நின்ற நேரத்தில் இரண்டாம் உலக யுத்தம் வந்து, பாலாவிப் பக்கம் ராணுவத்தினர் முகாம் போடத் தொடங்கினார்கள். கம்பம் நடக் குழி தோண்டும் கூலியாக நானும் போய்ச் சேர்ந்தேன்.

அங்கே வயர் வேலைக்கு மேலாளாக இருந்தவர் லெனார்ட் பாஸ். சிலாபத்துக்காரர், கத்தோலிக்கர். சிங்களமும் தமிழும் ஒரே வாயில் கலந்து வரும். என்னைவிடப் பதினைந்து வயதாவது இளையவர். ஆனால் வேலை என்று வந்தால் வயதைப் பார்க்க மாட்டார். என்னை 'நானா' என்று, அண்ணன் முறை வைத்து, மரியாதையாகக் கூப்பிடுவார். அடுத்த சொல்லே ஏச்சாக இருக்கும். "நானா, உங்கட மண்டைக்குள்ள கொப்பராவா ஏத்தி வெச்சிருக்கு?" இதுதான் அவருடைய காலை வணக்கம்.

கயிறு முறுக்கத் தெரிந்தவன், உயரம் ஏறப் பயப்படாதவன் என்று பார்த்து என்னைக் குழியிலிருந்து எடுத்து வயருக்குப் போட்டார். முதல் நாள் இரண்டு வயர்களைச் சேர்க்கச் சொன்னார். நான் படகுக் கயிற்றுக்குப் போடும் முடிச்சைப் போட்டேன். யானை இழுத்தாலும் அவிழாது. அவர் அதை ஒரு பார்வை பார்த்தார், குறடை எடுத்து நறுக்கென்று வெட்டி என் கையிலேயே வைத்தார். "இது தோணி இல்ல நானா. இழுத்தாப் போதாது, உள்ளுக்கு ஓடவும் வேணும்." பிறகு தானே குந்தியிருந்து காட்டினார்: ரப்பரைச் சீவு, செம்பை மினுங்கும் வரை சுரண்டு, எதிரெதிராக முறுக்கு, ஈயம் ஊற்று, ரப்பர் நாடா சுற்று, அதன் மேல் துணி நாடா. நாற்பது வயதில் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரித் திட்டு வாங்க வெட்கமாகத்தான் இருந்தது. இரவில் மனைவியிடம் சொல்லிப் புலம்புவேன். "ஏச்சு வயித்துக்குள்ள போறதில்ல, சோறுதான் போகுது, பேசாம போங்க" என்பாள்.

லெனார்ட் பாஸிடம் இரண்டு சட்டங்கள். ஒன்று, எந்த வயரைத் தொட்டாலும் முதலில் பியூஸைக் கழற்று. கழற்றியதை மேசையில் வைக்காதே, உன் சட்டைப் பைக்குள் போடு. மற்றது, யாருக்காவது கரண்ட் அடித்தது என்றால் "என்ன நடந்தது" என்று கேட்காதே. அப்படிக் கேட்டால் பயந்தவன் பயத்தைத்தான் சொல்லுவான். எந்தக் கை எதைத் தொட்டது, கால் எதில் நின்றது, ஈரமா காய்ந்ததா, எத்தனை மணிக்கு, இதை மட்டும் கேள். முகாமில் மூன்று நான்கு தடவை இந்தக் கேள்விகளாலேயே பழுதைப் பிடித்தார்.

யுத்தம் முடிந்தது. முகாம் கலைந்தபோது சாமான்களை ஏலம் போட்டார்கள். கல்பிட்டிப் பக்கத்தில் கொப்பரா யாவாரம் செய்த செய்னுலாப்தீன் முதலாளி ஒரு எஞ்சினையும் டைனமோவையும் ஏலத்தில் எடுத்து, தன் வீட்டுக்குக் கரண்ட் போடச் சொல்லி லெனார்ட் பாஸைப் பிடித்தார். பாஸ் என்னைக் கூட்டிக்கொண்டு போனார்.

பழைய சுண்ணாம்புச் சுவர் வீடு. முன்னால் ஆண்கள் இருக்கும் பெரிய மண்டபம், பின்னால் பெண்கள் புழங்கும் உள்வீடும் கிணற்றடியும், இரண்டுக்கும் நடுவில் ஒரு நடை. அந்தக் காலத்தில் சுவருக்குள் குழாய் பதிப்பதில்லை. இரண்டு பள்ளம் ஓடிய மரச்சட்டத்தைச் சுவரில் அடித்து, பள்ளத்துக்கு ஒரு வயராக வைத்து, மேலே மெல்லிய பலகையால் மூடிவிடுவோம். வர்ணம் பூசினால் வீட்டு அலங்காரம் மாதிரி இருக்கும். வேலை முடியும் வரை முதலாளியின் மகள் ஹாஜராவைச் சொந்தக்காரர் வீட்டுக்கு அனுப்பிவைத்திருந்தார்கள். ஹாஜராவின் உம்மா உயிரோடு இல்லை, முன்பே மவுத்தாகிவிட்டார். ஹாஜராவுக்குக் கலியாணம் முடிந்து சில மாதம்தான். எங்கள் ஊர் வழக்கப்படி மாப்பிள்ளை நசீர் பெண் வீட்டிலேயே இருந்தார்.

பல்பு எரிந்த அன்று ஊரே திரண்டு வந்து வாயைப் பிளந்தது. லெனார்ட் பாஸ் ஒவ்வொரு சுவிட்சாகப் போட்டுப் பார்த்து, எஞ்சின் வீட்டில் டைனமோவின் ஒரு முனையைத் தானே மண்ணுக்கு இறக்கி, கசிவைக் காட்டும் மெகர் பெட்டியின் கைப்பிடியைச் சுற்றி ஊசியைப் பார்த்துத் தலையாட்டிய பிறகுதான் சாப்பிட உட்கார்ந்தார். எங்கள் வேலையில் ஒரு குற்றமும் இல்லை. இதைப் பெருமைக்குச் சொல்லவில்லை, பின்னால் நடந்தது விளங்க வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன்.

மழைக் காலம் தொடங்கி ஒரு நாள் என் மனைவி கேள்விப்பட்டதை வந்து சொன்னாள். "செய்னுலாப்தீன் முதலாளிட மகளுக்கு ஜின் பிடிச்சிரிக்காம்."

"யார் சொன்ன?"

"ஊரே சொல்லுது. மஃரிபு நேரம் பார்த்துத் தூக்கி அடிக்குதாம். கையில கிடக்கிறதெல்லாம் சிதறுதாம். லெப்பை வந்து ஓதித் தண்ணி குடுத்தும் நிக்கல்லியாம். மாப்பிள்ளட உம்மா குறிஞ்சிப்பிட்டியில இரிந்து வாறாவாம், மகனக் கூட்டிக்கிட்டுப் போக. பெட்டி கட்டியாச்சாம். பாவம், அந்தப் புள்ளட வாழ்க்க முடிஞ்சிச்சு."

மஃரிபு நேரம் என்றால் பொழுது படும் நேரம். முதலாளி எஞ்சினை ஓட்டத் தொடங்குவதும் பொழுது படும்போதுதான். ஜின் சரியாக எஞ்சின் சத்தம் கேட்டா வருகிறது? அன்றைக்கே பஸ் பிடித்துச் சிலாபத்துக்குப் போனேன்.

லெனார்ட் பாஸ் முதலில் முகத்தைச் சுளித்தார். "கூப்பிடாத வீட்டுக்கு நாம போறதில்ல நானா. அதுவும் பொம்பளப் புள்ளட விசயம். நான் வேற சமயம். என்னெண்டு கேக்கிற?"

"பாஸ், அது நம்மட வயர்."

பாஸ் எழுந்து மெகர் பெட்டியைத் தூக்கிக்கொண்டார். அவருக்கு அந்த ஒரு சொல் போதும்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது பின்னேரம். முதலாளி எங்களை வாங்க என்று கூப்பிட்டாலும் முகம் செத்திருந்தது. மண்டபத்துக் கதிரையில் மாப்பிள்ளையின் உம்மா, தலை மூடி, வாசலைப் பார்த்தபடி இருந்தார். அவருடைய காலடியில் ஒரு தகரப் பெட்டி, மேலே மகனின் சாரன் மடிப்பு. நசீர் தூணோடு சாய்ந்து நின்றார். நல்ல பொடியன்தான். ஆனால் உம்மா இருக்கும் இடத்தில் அவருக்கு நாக்கு இருக்காது.

"கரண்டுல ஏதாவது கோளாறு இரிக்கலாம் முதலாளி" என்றேன்.

"கரண்டா?" என்றார் நசீரின் உம்மா. "அப்பிடியெண்டா என்ட மகனுக்கு ஏன் அடிக்கல்ல? உங்கட முதலாளிக்கு ஏன் அடிக்கல்ல? வாற போற ஆம்புள ஒருத்தருக்கும் அடிக்காம, அவளுக்கு மட்டும் கரண்டு அடிக்குமா?"

கேள்வி சரியான கேள்வி. லெனார்ட் பாஸ் எஞ்சின் ஓடவில்லை என்பதை உறுதி செய்துகொண்டு, பியூஸைக் கழற்றிப் பைக்குள் போட்டார். மெகர் பெட்டியைச் சுற்றினார். ஊசி அசையாமல் நின்றது. வயரில் இருந்து மண்ணுக்குக் கசிவே இல்லை என்கிறது பெட்டி. சுவிட்ச், ஹோல்டர், பலகை என்று மண்டபம் முழுதும் தடவிப் பார்த்தோம். ஒன்றும் இல்லை.

"பெட்டி பொய் சொல்லாது நானா" என்று மெல்லச் சொன்னார் பாஸ். அவருடைய முகத்திலும் சந்தேகம் வந்துவிட்டது.

நடையில் ஒரு திரை தொங்கியது. நாங்கள் வேலை செய்தபோது அது இருக்கவில்லை. பல்பு பார்க்க ஊர் ஆண்கள் தினமும் பின்னேரம் வந்து குவிந்ததால், வெளிச்சத்தில் உள்வீடு தெரியாமல் இருக்கப் போட்டது. பகலில் பாதி விலகிக் கிடக்கும். மஃரிபுக்கு முழுக்க மூடுவார்கள். சமையலுக்கு வரும் பெண் பொழுது சாயுமுன், அஸர் தொழுகைக்கே தன் வீட்டுக்குப் போய்விடுவாள். ஆகவே அந்த நேரம் உள்ளே இருக்கும் ஒரே பெண் ஹாஜராதான்.

முதலாளியிடம் அனுமதி கேட்டு, திரைக்கு இந்தப் பக்கம், தள்ளி, நிலத்தைப் பார்த்தபடி நின்றேன். மரியாதை தெரிந்தவன் அப்படித்தான் நிற்பான்.

"மகள், நான் காதர். வயர் போட்ட ஆள்."

"ஓம், சாச்சா." குரல் களைத்திருந்தது. "நீங்களும் ஓத வந்தீங்களா?"

"எனக்கு ஓதத் தெரியாது மகள். கேக்கத்தான் தெரியும். எஞ்சின் இப்ப ஓடல்ல, பியூஸும் பாஸ்ட பைக்குள்ள. பயப்பட ஒண்டும் இல்ல. நீங்க கிணத்தடிக்குப் போங்க. மஃரிபுக்கு என்ன செய்வீங்களோ அத அப்பிடியே செய்ங்க. ஆனா ஒவ்வொண்டையும் செய்யிறதுக்கு முந்தி எனக்குச் சத்தம் வெச்சுச் சொல்லோணும். நான் 'கேட்டிச்சு' எண்டு சொன்னப் பொறவுதான் செய்யோணும்."

பிறகு கிணற்றடியிலிருந்து குரல் வந்தது.

"தொழ ஒளு எடுக்கிறன்."

"கேட்டிச்சு."

"கால் கழுவிட்டன். துடைக்கல்ல. செருப்பு இல்ல. வாறன்."

"கேட்டிச்சு. நிலம் என்ன?"

"சீமெந்து. ஈரம். சாரலடிச்சு ஈரம்."

"வாங்க."

"இப்ப திரைக்குக் கிட்ட. மூடப் போறன்."

"எப்பிடி மூடுவீங்க? துணியப் பிடிச்சு இழுப்பீங்களா?"

"துணிய இழுத்தா வராது சாச்சா. கம்பி துருப்பிடிச்சுப் போச்சு. கைய உசத்தி வளையத்தத் தள்ளோணும்."

"கேட்டிச்சு. தள்ளுங்க."

வளையம் கம்பியில் கிரீச் என்று உராய்ந்தது. அப்போதுதான் நான் தலையைத் தூக்கினேன். அது வரைக்கும் திரையின் மேல் பகுதியைப் பார்க்கவே இல்லை. நான் மட்டும் இல்லை, திரை தொங்கிய நாளிலிருந்து அந்த வீட்டில் எந்த ஆணும் பார்க்கவில்லை. பெண்கள் பக்கத்துத் திரையை எந்த ஆண் போய்த் தொடுவான்? எவன் அண்ணாந்து பார்ப்பான்?

பித்தளை வளையங்கள். அவற்றினூடாக ஓர் இரும்புக் கம்பி. கம்பியின் ஒரு முனை கதவு நிலையில் கட்டியிருந்தது. மறுமுனை ஒரு பெரிய ஆணியில். ஆணி இறங்கியிருந்த இடம் எங்களுடைய மரச்சட்டம்.

"பாஸ்" என்று கூப்பிட்டேன். அவர் வந்து என் பார்வை போன இடத்தைப் பார்த்தார். "தெய்யனே" என்று சிங்களத்தில் கடவுளைக் கூப்பிட்டு வாயில் கை வைத்துக்கொண்டார்.

ஆணி இரண்டு பள்ளத்திலும் போயிருந்தால் அன்றைக்கே பியூஸ் எரிந்திருக்கும், எல்லாருக்கும் தெரிந்திருக்கும். அது ஒரு வயரை மட்டும் துளைத்திருந்தது. அந்தக் கம்பி எங்கேயும் மண்ணைத் தொடவில்லை, அதனால் மெகர் பெட்டியும் ஒன்றும் காட்டவில்லை. ஈரக் கையும் ஈரக் காலுமாக ஒருத்தி வந்து தொட்டால்தான் கரண்டுக்கு வழி கிடைக்கும். தொழப் போகும் முன் சுத்தம் செய்துகொண்டு, வெட்கத்துக்காகத் திரையை மூட வந்த பிள்ளையை அது ஒவ்வொரு மஃரிபும் தூக்கி எறிந்திருக்கிறது. ஒரு நாள் வளையத்தோடு கை பிடித்துக்கொண்டிருந்தால் ஆள் மவுத்து.

"சொன்னா நம்ப மாட்டாங்க. காட்டோணும்" என்றார் லெனார்ட் பாஸ்.

ஹாஜராவைத் திரையை விட்டுத் தூரப் போய் அறைக்குள் இருக்கச் சொன்னோம். முன் முற்றத்து ஈர மண்ணில் ஓர் இரும்பு அலவாங்கை அடித்து இறக்கினேன். இரண்டு நீள வயர் தொடுத்த பல்பு ஒன்று எங்களிடம் இருந்தது. ஒரு வயரை அலவாங்கில் சுற்றி, மற்றதைத் திரைக் கம்பியில் கொளுவினேன். பாஸ் பியூஸைப் போட்டுவிட்டு எஞ்சின் வீட்டுக்குப் போனார். எஞ்சின் இருமிக்கொண்டு ஓடத் தொடங்கியது.

என் கையில் இருந்த பல்பு எரிந்தது.

சுவிட்சும் இல்லை, ஹோல்டரும் இல்லை. திரை தொங்கும் கம்பியிலிருந்து விளக்கு எரிகிறது. முதலாளி நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். "யா அல்லாஹ். என்ட புள்ளைக்கு நான் ஜின்னெண்டு தாவீசு கட்டினன். அவள நம்பாம தாவீசு கட்டினன்" என்று சொல்லிச் சொல்லி அழுதார்.

"இந்த ஆணிய யார் அடிச்ச?" என்று கேட்டேன்.

நசீர் தூணை விட்டு நிமிர்ந்தார். அவருடைய முகத்தில் இரத்தமே இல்லை.

"நான்தான்" என்றார். "சுவர்ல அடிச்சா சுண்ணாம்பு உதிருது. அந்த மரத்தில லேசா இறங்கிச்சு. அவவ ஒருத்தரும் பார்க்கக் கூடா எண்டுதான்…"

ஊர் தன் மனைவியை ஜின் பிடித்தவள் என்றபோது வாய் திறக்காமல் நின்றவர் அவர். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது, ஆனால் அந்த முகத்தைப் பார்த்து ஏச மனம் வரவில்லை.

லெனார்ட் பாஸ் எஞ்சினை நிறுத்திவிட்டு வந்தார். பியூஸைக் கழற்றி, எல்லாரும் பார்க்க உள்ளங்கையில் வைத்துக் காட்டினார். "இப்ப ஒண்டும் இல்ல. செத்த கம்பி. நான் ஆணியக் கழட்டி வயர மாத்தித் தாறன்."

நசீரின் உம்மா நெடுநேரம் அந்தப் பல்பையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து, காலடியில் இருந்த பெட்டியைத் தள்ளினார். "மகன், பெட்டியத் தூக்கி உள்ளுக்கு வை. நாம போகல்ல" என்றார். குரல் தணிந்து போயிருந்தது.

நசீர் குனிந்து பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடைக்கு வந்தார்.

"நில்லுங்க." திரைக்கு உள்ளேயிருந்து ஹாஜராவின் குரல். இந்தத் தடவை அதில் களைப்பு இல்லை. "பெட்டி பொறவு. சாச்சா, முதல்ல அவர இந்தத் திரைய இழுக்கச் சொல்லுங்க."

நசீர் பெட்டியை இறக்கி வைத்தார். பாஸின் உள்ளங்கையில் இருந்த பியூஸைப் பார்த்தார். கம்பியைப் பார்த்தார். கையைச் சாரனில் துடைத்துத் துடைத்துக் காய வைத்துக்கொண்டு மெல்ல உயர்த்தினார்.

"காய்ஞ்ச கையால இல்ல" என்றாள் உள்ளே இருந்தவள். "ஒளு எடுத்துட்டு வரச் சொல்லுங்க. செருப்பையும் கழட்டச் சொல்லுங்க."

மாமியார் ஏதோ சொல்ல வாயெடுத்தார். முதலாளி கையைக் காட்டி நிறுத்தினார். நசீர் முற்றத்துக்குப் போய்ச் செருப்பைக் கழற்றி, வாளித் தண்ணீரில் கையும் காலும் கழுவிக்கொண்டு வந்தார். தண்ணீர் சொட்டச் சொட்ட, ஹாஜரா சொன்ன அதே ஈரச் சீமெந்தில் வந்து நின்றார். கரண்ட் இல்லை என்று அவருக்குத் தெரியும். பாஸ் சொல்லியாகிவிட்டது, கண்ணாலும் பார்த்தாகிவிட்டது. ஆனாலும் கை வளையத்துக்குக் கிட்டப் போய்ப் போய்த் திரும்பியது. உதடு பிஸ்மி சொல்வது தெரிந்தது. கடைசியில் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு வளையத்தைப் பிடித்து இழுத்தார்.

திரை முழுக்க விலகியது. நடை வெறுமையாக இருந்தது. அவள் அறைக் கதவுக்குப் பின்னால் நின்றாள், சீலைத் தலைப்பின் ஓரம் மட்டும் தெரிந்தது. நசீர் கண்ணைத் திறக்காமல், வளையத்தை விடாமல், குலுங்கிக் குலுங்கி அழுதுகொண்டிருந்தார்.

"சரி" என்றாள் ஹாஜரா. "இப்ப பெட்டியக் கொண்டு வாங்க."